கோதாவின் பின்கட்டு: பேராக் மற்போர்க் காட்சியும் அதன் சொற்களும்

மற்போரைப் பற்றி எழுதியோரிற் பெரும்பாலோர் கோதாவுக்குள் நின்றவர்களையே எழுதினர். வென்றவர் யார், தோற்றவர் யார், அவர்தம் எடை என்ன, மார்பளவு என்ன என்பனவற்றை அக்கால நாளிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் காணலாம். மேடையைக் கட்டியவர், கயிற்றை இறுக்கியவர், புதியவனுக்கு விழக் கற்றுக்கொடுத்த முதியவர் ஆகியோரைப் பற்றித் தாளில் ஏறியது மிகக் குறைவு. தாள் இல்லாத இடத்தில் மொழியியலாளனுக்குக் கைகொடுப்பது சொல். ஈப்போவின் கேளிக்கைப் பூங்காவிலும் அந்நகரைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வழங்கிய சில சொற்களைப் பற்றிக்கொண்டு, அத்தொழிலின் பின்கட்டுக்குள் நுழைந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஓர் ஐயம் எழும். வெற்றி தோல்வியை முன்னரே பேசி வைத்துக்கொண்டு ஆடும் காட்சிக்கு வரலாறு எதற்கு என்று மாணவர் கேட்கலாம். கூத்தில் துரியோதனன் வீழ்வான் என்பது விடிய விடிய விழித்திருக்கும் ஊருக்கு முன்பே தெரியும். அதனால் கூத்து பொய்யாகிவிடுவதில்லை. கூத்து வாத்தியாரிடம் அடவு கற்ற ஆண்டுகளும் பொய்யாகிவிடுவதில்லை. மற்போர்க் காட்சியில் கூத்துக்கு இல்லாத ஒன்று உண்டு. கூத்தாடுபவன் தான் ஆடுவது கூத்தென்பதை மறைப்பதில்லை. மற்போர்க் காட்சியாளன் மறைத்தாக வேண்டும். அம்மறைப்பே அவன் தொழிலைக் காத்தது. அதுவே அத்தொழிலின் நினைவை நம் நாட்டில் அழித்தது என்பது நம் துணிபு.

முதலில் தமிழின் பழைய அடுக்கைப் பார்ப்போம். மல் என்பது வலிமையையும் மற்போரையும் குறிக்கும் சொல். மல்லன், மற்போர், மல்லாடுதல், பேச்சுவழக்கில் மல்லுக்கட்டுதல், மல்லுக்கு நிற்றல் என்று அதன் கிளைகள் இன்றும் உயிரோடுள்ளன. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டத்தைப் பூண்டான். ஒரு கடற்கரை ஊரும் அப்பெயர் பெற்றது. அதற்கும் மிக முந்தையது புறநானூறு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் 80ஆம் பாடலில் காட்டுகிறார். ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் முதுகை வளைக்கும் பிடியைக் கண்ணால் கண்டவர்போல் புலவர் சொல்கிறார். அதே மன்னனைக் காதலித்த நக்கண்ணையார் 85ஆம் பாடலில் அவனைப் பார்ப்பதோடு பார்வையாளரையும் பார்க்கிறார்: வெற்றி அவனுக்கே என்று ஒரு சாரார் சொல்ல, இல்லை என்று மறுசாரார் சொல்ல, அவர் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்க்கிறார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆரவாரிக்காவிடில் மற்போர்க் காட்சி இல்லை. அவ்வகையில் நக்கண்ணையார் நமக்குப் பெருங்கொடை அளித்தவர். அந்தக் களத்து மண்ணைப் பதப்படுத்தியவர் யார் என்று அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது அடுக்கு பாரசீகம். குஸ்தி, பயில்வான், வஸ்தாத் ஆகிய மூன்று சொற்களும் அவ்வழி வந்தவை. பாரசீகப் பஹ்லவான், இந்துஸ்தானியில் பஹல்வான் ஆகி, தமிழில் ஹகரம் நீங்கிப் பயில்வான் ஆயிற்று. ஒலி மாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. பயில்பவன் எவனோ அவனே பயில்வான் எனத் தமிழன் செவி பொருள் கொண்டது. அயற்சொல்லுக்குத் தாய்மொழியிலேயே ஒரு வேரைக் கற்பித்துக்கொள்ளும் இப்போக்கை மக்கள் சொற்பிறப்பு என்போம். பிழையான பிறப்பாயினும் இது பொருத்தமான பிறப்பு. பயிற்சியன்றி அத்தொழிலில் வேறென்ன உண்டு? வஸ்தாத் என்பது ஆசானைக் குறிக்கும் உஸ்தாத் என்பதன் வடிவம். மராத்தியில் வஸ்தாத் என்றே சொல்வர். அங்கே அது சிறப்பாக மற்போர் ஆசானைக் குறிக்கும். ஆகவே இச்சொல் தஞ்சை மராத்தியர் வழியாகவோ தக்கணத்துப் படைவீரர் வழியாகவோ தமிழுக்கு வந்திருக்கக்கூடும். கோதா என்னும் சொல் தெலுங்கிலும் மலையாளத்திலும் உண்டு. எனவே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய தொழிலாளி மற்போரைக் குறிக்கும் முழுச் சொற்கட்டோடுதான் பினாங்குத் துறையில் இறங்கினான்.

இங்கே அவன் கண்ட வியப்பு, அச்சொற்களுள் இரண்டு தனக்கு முன்பே இங்கு வழங்கின என்பது. மலாய் மொழியில் மற்போருக்குக் குஸ்தி என்றே பெயர். முதலெழுத்தை வல்லொலியாக அன்றி, கங்கை என்பதன் முதலெழுத்தைப்போல் மெலிந்த ஒலியாக ஒலிப்பர். தமிழர் பலரும் பேச்சில் அப்படித்தான் ஒலிக்கின்றனர். வடநாட்டு ஒலிப்பிலோ முதலெழுத்து வல்லொலி. இடையில் வருவது ஷகரம். இதைக்கொண்டு மலாய்ச் சொல் தென்னிந்தியர் வாய்வழி வந்ததென நாம் கருதுகிறோம். ஷகரம் சகரமாவது மலாய் மொழியில் இயல்பாகவும் நிகழக்கூடும் என்பதால் முதலெழுத்தின் ஒலியே இங்கு வலுவான சான்று. பஹ்லாவான் என்னும் சொல்லின் வழி வேறு. அது ஹகரத்தை இழக்கவில்லை. அமீர் ஹம்சாவின் கதை போன்ற பாரசீகக் காவியங்கள் மலாயில் பெயர்க்கப்பட்ட காலத்து ஏட்டுவழி வந்த சொற்களோடு அதை வைத்து எண்ணலாம். மலாயில் அதற்கு மாவீரன் என்று பொருள். மலேசியாவின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா அச்சொல்லையே தாங்கி நிற்கிறது. ஒரே சொல், ஒரு மொழியில் நாட்டின் உச்ச விருது. மற்றொன்றில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கப்படும் உடம்பு. ஈப்போவில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த மலாய்க்காரரும் தமிழரும் பஞ்சாபியரும் கோதாவில் ஏறியவனை ஏறத்தாழ ஒரே சொல்லால் அழைத்து மூன்று வேறு மனிதரைக் கண்டிருப்பர்.

சாண்டோ என்ற சொல்லையும் இங்கே சேர்த்துவிடலாம். ஐரோப்பிய உடல்வலிக் காட்சியாளர் யூஜின் சாண்டோ 1905இல் இந்தியாவில் காட்சி நடத்தினார். அவர் பெயர் தமிழில் பொதுப்பெயராகி, உடலை வளர்த்தவர்க்கெல்லாம் அடைமொழி ஆயிற்று. பின்னாளில் படத்தயாரிப்பாளரான சின்னப்பா தேவருக்கும் அது ஒட்டிக்கொண்டது. கையில்லாத பனியனுக்கும் அதே பெயர் என்பது கூடுதல் செய்தி.

இனி வரலாற்றுக்கு வருவோம். பேராக் மாநிலத்தில் பஞ்சாபியர் காலூன்றியது காவற்படை வழியாக. பேராக் சீக்கியர் படை 1896இல் மலாய் மாநிலங்களின் காவற்படையாக மாறித் தைப்பிங்கைத் தளமாகக் கொண்டது. 1919இல் அது கலைக்கப்பட்டது. படையிலிருந்து விலகியோரும் அவர் உறவினரும் காவலாளிகளாகவும் பால் வணிகர்களாகவும் நகரங்களில் தங்கினர். மண்ணில் பொருதும் பஞ்சாபி மல்யுத்தம் அவர்களோடு வந்தது. தமிழரோ தோட்டத்துக்குச் சிலம்பத்தையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தனர். பெரட்டுக் களமாகவும் கோயில் திடலாகவும் இருந்த இடங்களே மாலையில் சிலம்பக் களங்களாயின. இவ்விரண்டு மரபும் நகரத்தில் சந்தித்த இடம் கேளிக்கைப் பூங்கா. சிங்கப்பூரில் நியூ வேர்ல்டு, கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பார்க். ஈப்போவில் ஜூப்ளி பார்க். சினிமா, ஜோகெட் ஆட்டம், சீன நாடகம், குத்துச்சண்டை, மற்போர் யாவும் ஒரே வேலிக்குள். புந்தோங்கிலிருந்து வந்த கச்சான் பூத்தே வியாபாரியின் கடலைப் பொட்டலமும் அவ்வுலகின் ஓர் உறுப்பே.

அப்பூங்காக்களின் பெரும்பெயர் கிங்காங். இயற்பெயர் எமில் சாயா. ஹங்கேரியில் பிறந்து, இந்தியாவில் பொருது, சிங்கப்பூரில் தங்கி, 1970இல் அங்கேயே இறந்தவர். 1955இல் ஜப்பான் சென்று ரிக்கிடோசானோடு ஆசியப் பட்டத்துக்குப் பொருதார். அவருடைய வரலாற்றைக் காட்டிலும் நமக்கு வேண்டுவது தாரா சிங்கின் இளமை. 1928இல் பஞ்சாபில் பிறந்த தாரா சிங், 1940களின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூர் வந்து தகரப் பீப்பாய் செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கிரேட் வேர்ல்டு அரங்கில் ஹர்னாம் சிங் என்னும் மூத்தவரிடம் பயின்றார். பின்னர் இந்தியா திரும்பி, 1954இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டமும், 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டமும் பெற்றார், திரைப்படங்களில் நடித்தார், 2012இல் மறைந்தார். இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற மற்போர்க் காட்சியாளர் தம் தொழிலைக் கற்றது பஞ்சாபின் மண்களத்தில் மட்டும் அன்று. நம் பக்கத்து நகரத்துப் பூங்காவில். இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை.

மண்ணில் வல்லவனுக்கு மறுபடி கற்க என்ன இருந்தது என்று கேட்கலாம். நிறைய இருந்தது. மண்களம் மெத்தென்றிருக்கும், அங்கே எதிரியின் முதுகை மண்ணில் படியச்செய்வதே முடிவு. காட்சி மேடையோ இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய விரிப்பு, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான். அதன்மீது ஓரிரவில் பலமுறை விழ வேண்டும். மறுநாள் அடுத்த ஊரில் மறுபடியும் விழ வேண்டும். தாடையை மார்போடு சேர்த்து, மூச்சை வெளியேவிட்டு, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே கணத்தில் படும்படி, இரு கைகளாலும் தரையை அறைந்து விழுவது முதற்பாடம். தலை முந்தினால் கழுத்து போயிற்று. முழங்கை முந்தினால் கை போயிற்று. அறைந்த ஓசை கூட்டத்தை நடுங்க வைக்கும். அதே அறைதான் அதிர்ச்சியைப் பரப்பி உடலைக் காக்கும். இரண்டாம் பாடம் இன்னும் கடினமானது: தன்மீது நம்பி ஒப்படைக்கப்பட்ட எதிரியின் உடலைப் பாதுகாத்தல். தூக்கியவன் கையிலேதான் தூக்கப்பட்டவன் உயிர். இவற்றை நூலில் எழுத இயலாது. முன்பு விழுந்தவன் ஒருவன் அருகில் நின்று சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு முன் மூத்தவர்கள் புதியவனை நெடுங்காலம் காத்திருக்க வைத்தனர். ஜப்பானியப் பயிற்சிக் கூடங்களில் இளையோர் துடைத்தும் சமைத்தும் மூத்தோரின் பெட்டியைச் சுமந்துமே ஆண்டுகளைக் கழிப்பது இன்றும் நடைமுறை. மேலை நாடுகளின் சிறு குழுக்களிலும் பயிற்சியாளன் முதலில் மேடையைப் பூட்டவும் பிரிக்கவும், நாற்காலி அடுக்கவும், சீட்டுக் கிழிக்கவுமே அமர்த்தப்படுகிறான். வேலை வாங்குவது ஒரு காரணம்; வாய் காப்பவனா என்று பார்ப்பது பெரிய காரணம். விராடன் அரண்மனை மடைப்பள்ளியில் பெயர் மறைத்துச் சமைத்திருந்த வீமனே மல்லனை வெல்லும் பகுதியை வில்லிபாரதம் மற்போர்ச் சருக்கம் என்று தனித்து வைத்திருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

வாய் காக்கும் இத்தொழிலுக்கென்று ஒரு மறைமொழி இருந்தது. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கினார். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் உரையாசிரியர் தரும் காட்டுகள். வகுப்பறையில் இவற்றை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். வாடிக்கையாளன் எதிரே அமர்ந்திருக்கும்போது அவனறியாமல் பேச வேண்டிய தேவையே குழூஉக்குறியைப் பிறப்பிக்கிறது என்பதை ஆசிரியர்கள் சேர்த்துச் சொன்னால் இலக்கணம் உயிர்பெறும். அமெரிக்கத் திருவிழாக் கொட்டகைகளில் வளர்ந்த மற்போர்க் குழூஉக்குறி இதற்கு நல்ல காட்டு. முன்னரே பேசி வைத்தது வொர்க். உண்மையாகவே முட்டிக்கொண்டது ஷூட். நல்லவன் ஃபேஸ், கெட்டவன் ஹீல். பட்ட அடியை மெய்யென்று தோன்றச் செய்வது செல். இவை அனைத்தையும் வெளியாரிடமிருந்து காப்பது கேஃபேப். நல்லவனும் கெட்டவனும் ஒரே வண்டியில் ஊருக்குள் வரக்கூடாது, ஒரே கடையில் உண்ணக்கூடாது என்பது வரை அக்காப்பு நீண்டது. 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு, மிகப் பெரிய மற்போர் நிறுவனமே தம் நிகழ்ச்சி கேளிக்கையே என்று மாநில அவையில் ஒப்புக்கொண்டது. நூற்றாண்டு மறைப்பைக் கடைசியில் கணக்குப் புத்தகம் உடைத்தது.

நம் மாநிலத்தில் அப்படி உடைத்துச் சொல்வார் எவரும் முன்வரவில்லை. 1980களில் நாம் பேராக் தோட்டப்புறங்களில் பேச்சுவழக்குத் தரவு திரட்டிவந்த காலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர் தகவலாளராக வாய்த்தார். அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகளில், இளைஞராக இருந்தபோது, மற்போர் நடக்கும் நாட்களில் ஈப்போவுக்குச் சென்று மேடை கட்டும் கூலிவேலை பார்த்ததாகச் சொன்னார். இரவில் தோட்டத்துக்குத் திரும்ப இயலாதாகையால் பூங்காவிலேயே படுத்துறங்கி, முதற் பேருந்தில் வந்து பெரட்டுக்கு நிற்பாராம். நாம் ஒலி வேறுபாடுகளைத் தேடிப் போயிருந்தோம். அவர் தந்ததோ ஒரு தொழில். மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்த கித்தா, ரப்பர்; கித்தான், மேடைத் துணி. ஒலியால் நெருங்கிப் பிறப்பால் தொடர்பற்ற அவ்விரு சொற்களையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார்: பகலில் கித்தா, இராத்திரியில் கித்தான். மழைநாளில் கித்தான் சுருங்குவதையும், கயிறு தளர்ந்தால் சாய்பவன் வெளியே போய் விழுவதையும், மேடைக்கடியில் பலகை விலகியிருக்கிறதா எனக் காட்சிக்குச் சற்றுமுன் ஒருவர் ஊர்ந்து பார்ப்பதையும் விரிவாகச் சொன்னார். அப்படிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் வயதான பஞ்சாபியர் ஒருவர். இருவருக்கும் பொதுமொழி கொச்சை மலாய். பலகையைத் தட்டி ஓசையால் பழுதறியும் முறையை அவரிடமே கற்றாராம்.

வெற்றி தோல்வி முன்னரே முடிவானதா என்று கேட்டோம். அவர் நேராக விடை சொல்லவில்லை. விழுந்ததென்னவோ மெய்தான் என்றார்; பேச்சைப் பலகைக்குத் திருப்பிவிட்டார். முப்பதாண்டு கழிந்தும், கேட்க ஆளற்ற தோட்டத்து லயத்தின் திண்ணையிலும், அவர் காப்பைக் கைவிடவில்லை. மறைப்பதாக எவரிடமும் அவர் எழுதிக்கொடுத்ததில்லை. அவருக்குக் கிடைத்ததோ அன்றன்றைய கூலி. மூத்தவர் ஒருவர் தம்மை நம்பிச் சொன்னார் என்பது மட்டுமே அவரைக் கட்டிற்று.

இத்தொடர் அறுந்த காரணங்கள் எளியவை. 1963 டிசம்பரில் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கிற்று. கேளிக்கைப் பூங்காக்கள் ஒளி மங்கின. ஆங்கிலேயர் விற்றுச் சென்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததே அத்துண்டாடலை எதிர்கொள்ளத்தான். குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது தொழிலாளர் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. சிலம்பம் கோயில் திருவிழாக்களையும் பள்ளிகளையும் பற்றிக்கொண்டு பிழைத்தது. மற்போர்க் காட்சிக்கு அப்படிப் பற்றிக்கொள்ளக் கோயிலும் இல்லை, பள்ளியும் இல்லை. அதன் மூத்தவர்கள் காப்பைக் காத்தபடியே மறைந்தனர்.

ஆகவே 2012இல் சிங்கப்பூரிலும் 2014இல் மலேசியாவிலும் இளைஞர்கள் தனிக் குழுக்களாக இத்தொழிலை மீண்டும் தொடங்கியபோது, ஹர்னாம் சிங்கின் வழிவந்த ஆசான் ஒருவர் அவர்களுக்கு வாய்க்கவில்லை. மலேசிய புரோ ரெஸ்லிங் குழுவில் பயின்ற நோர் டயானா, ஃபீனிக்ஸ் என்னும் மேடைப்பெயரோடு, முக்காடணிந்தே பொருதி, 2019இல் ஆடவர் நால்வரை எதிர்கொண்டு பட்டம் வென்றார். உலக நாளிதழ்கள் எழுதின. நம் மண்ணில் எழுபதாண்டுக்கு முன்பே நன்றாகப் பயிற்றப்பட்ட ஒரு தொழிலை அத்தலைமுறை ஏறத்தாழ முதலிலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. உடலால் கற்கும் கலையில் ஆசான் இல்லாமையின் விலை எலும்பு முறிவாகவே செலுத்தப்படும்.

அவர்கள் வழங்கும் குழூஉக்குறி முழுவதும் ஆங்கிலம்: வொர்க், ஷூட், செல். வஸ்தாத் என்ற சொல் பழம்படங்களில் கேட்கிறது. கோதா தேர்தற் செய்திகளில் மட்டும் எஞ்சியிருக்கிறது. சுங்கை சிப்புட் முதியவரின் தரவேட்டைப் பணி ஓய்வுக்குப்பின் மறுபடி புரட்டியபோது, ஒரு சொல்லை இரு பொருளில் நாம் குறித்திருந்ததைக் கண்டோம். பேச்சு என்பதற்கு முதற்பொருள் உரையாடல். இரண்டாவதாக, ஓரிரவு இரு பயில்வான்கள் சினந்து இரத்தம் வர மோதிக்கொண்டதைச் சொல்லும்போது, அன்றைக்குப் பேச்சு இல்லை என்றிருந்தார். பேச்சு உண்டு, பேச்சு இல்லை: வொர்க், ஷூட் என்னும் இரண்டுக்கும் ஈப்போவின் பின்கட்டில் ஒரு தமிழரிடமாவது இச்சொற்கள் இருந்திருக்கின்றன. நாம் அறிந்த அகராதி எதிலும் அப்பொருள் இல்லை.